இசை வந்த பாதை – 31: நீல விளக்கு

ஐட்யூன்ஸ் கடையில் விற்கும் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்துவிடுவதாக 2009 ஜனவரியில் ஆப்பிள் அறிவித்தது. சென்ற அத்தியாயத்தை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு யாஹூ தன் பாட்டுக் கடையை மூடிய கதையும் அதில் வந்தது. அனுமதி தரும் சர்வர் நின்றுபோனால், காசு கொடுத்து வாங்கிய பாட்டைப் புதிய கணினிக்குக் கொண்டுபோக முடியாது என்பதை வாடிக்கையாளர்கள் அப்போது நேரிலேயே கண்டார்கள். பூட்டுக் காலம் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கை அதன் பிறகு பரவலாக இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் இன்னொரு பூட்டு வந்தது. முதல் பூட்டு திருட்டைத் தடுக்கிறேன் என்று சொல்லி வந்தது. இரண்டாவது, தரத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லி வந்தது. அதனால்தான் அதைப் பூட்டு என்று அடையாளம் காணவே பலருக்கு நாளானது.

2014 டிசம்பர் 4, லண்டன். ஷார்ட் என்ற வானளாவிய கட்டடத்தில் மெரிடியன் ஆடியோ நிறுவனம் பத்திரிகையாளர்களை அழைத்து ஒரு புதிய ஒலி வடிவத்தை அறிமுகம் செய்தது. பெயர் எம்.க்யூ.ஏ. ஸ்டுடியோவில் கலைஞர் ஒப்புதல் கொடுத்த மூலப் பதிவு, ஒரு சொட்டும் சிந்தாமல், ஸ்ட்ரீமிங் வழியே வீட்டுக்கு வந்து சேரும்; அதுதான் மூலம் என்பதற்குக் கருவியில் ஒரு சிறு விளக்கு எரிந்து சான்று சொல்லும். இதுதான் வாக்குறுதி.

வாக்குறுதி கொடுத்தவர் பாப் ஸ்டூவர்ட். 1977-ல் ஆலன் பூத்ராய்டுடன் சேர்ந்து மெரிடியனைத் தொடங்கியவர். மனிதக் காது எப்படிக் கேட்கிறது என்ற ஆராய்ச்சியில் பல காலம் செலவிட்டவர். பீட்டர் க்ரேவன், மைக்கேல் கெர்ஸன் ஆகியோருடன் அவர் உருவாக்கிய எம்.எல்.பி. என்ற முறை டி.வி.டி.-ஆடியோ தட்டுகளில் பயன்பட்டது. பின்பு டால்பி ட்ரூஹெச்டி-க்கு அடித்தளமானது. ப்ளூரேயில் படம் பார்த்தவர்கள் பலரும் அவருடைய வேலையைத் தெரியாமலேயே கேட்டிருக்கிறார்கள். அந்த எம்.எல்.பி. உண்மையான லாஸ்லெஸ். சுருக்கிய கோப்பை விரித்தால் உள்ளே போன ஒவ்வொரு பிட்டும் அப்படியே வெளியே வரும். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. எம்.க்யூ.ஏ.வைப் பிறகு எதிர்த்தவர்களில் சிலர் ஸ்டூவர்ட்டை ஏதோ மோசடிக்காரர்போல் எழுதினார்கள். அது நியாயமில்லை. அவர் பெயருக்கு இருந்த மதிப்பால்தான் இத்தனை பேர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

இனி அதன் வேலைப்பாட்டுக்கு வருவோம். சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். பின்னால் வரும் சண்டை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

சி.டி.யில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது; ஒவ்வோர் அளவும் 16 பிட். இரண்டு வாய்க்காலுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட். ஸ்டுடியோவில் 24 பிட்டில், நொடிக்கு 96,000 அல்லது 1,92,000 முறை அளக்கிறார்கள். அதிகபட்சக் கணக்கில் நொடிக்கு 9,216 கிலோபிட். இவ்வளவு பெரிய கோப்பை இணையத்தில் அனுப்புவது கடினம் என்பது ஸ்டூவர்ட்டின் தொடக்கப்புள்ளி. 24 பிட் கோப்பில் கடைசிச் சில பிட்டுகளில் இசை ஏறக்குறைய இருக்காது, இரைச்சல்தான் இருக்கும் என்றார். காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் பகுதியைத் தனியே பிரித்து, சுருக்கி, அந்த இரைச்சலுக்கு அடியில் செருகிவிட்டால், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பின் அளவுக்குள் அடங்கிவிடும். ஜப்பானியக் காகித மடிப்பின் பெயரையே வைத்து இதை ஒரிகாமி என்றார்கள். கேட்கும் இடத்தில் உரிமம் பெற்ற மென்பொருள் ஒரு மடிப்பை விரிக்கும். மீதியை உரிமம் பெற்ற டி.ஏ.சி., அதாவது எண்களை மின்னலையாக மாற்றும் கருவி, பார்த்துக்கொள்ளும். நேரக் கணக்கில் ஒலி மங்குவதையும் இந்த முறை சரிசெய்கிறது என்பது கூடுதல் வாதம்.

கேட்க அழகான யோசனை. ஆனால் செருகப்பட்ட உயர் அதிர்வெண் பகுதி, சுருக்கும்போது இழப்புக்கு உள்ளாகிறது. செருக இடம் கொடுத்த கடைசி பிட்டுகள் திரும்பி வருவதில்லை. இரண்டாவது விரிப்பு என்று சொல்லப்பட்டதில் புதிதாக எந்தத் தகவலும் வெளிவருவதில்லை. ஏற்கெனவே இருப்பதை ஒரு வடிகட்டி கொண்டு நீட்டுவதுதான் அங்கே நடக்கிறது. ஸ்டுடியோவில் இருந்த கோப்பும் வீட்டுக்கு வந்த கோப்பும் ஒன்றல்ல. எம்.க்யூ.ஏ. லாஸ்லெஸ் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பொதுவெளியில் நிலைநாட்ட வாடிக்கையாளர்களுக்கு ஆறேழு ஆண்டுகள் ஆயின.

அளவைக் குறைக்கிறோம் என்ற வாதமும் அன்றைக்கே பலவீனமானது. அதே 2014-ல் நெட்ஃப்ளிக்ஸ் 4கே படங்களை அனுப்பத் தொடங்கிவிட்டது. அதற்கு நொடிக்கு 25 மெகாபிட் இணைப்பு வேண்டும் என்றது. மிகப் பெரிய ஸ்டுடியோ கோப்புக்குக் கூட, எந்தச் சுருக்கமும் இல்லாமல், 10 மெகாபிட் போதும். ஃப்ளாக் என்ற லாஸ்லெஸ் வடிவத்தில் சுருக்கினால் பெரும்பாலும் அதில் பாதிதான் ஆகும்.

இருந்தும் வரவேற்பு பலமாக இருந்தது. அமெரிக்காவின் இரண்டு பெரிய ஆடியோ இதழ்களான ஸ்டீரியோஃபைலும் தி அப்சொல்யூட் சவுண்டும் இதை ஒரு புதுயுகம் என்ற அளவுக்குக் கொண்டாடின. 2016 மே மாதம் வார்னர் மியூசிக் ஒப்பந்தம் செய்தது. 2017-ல் யுனிவர்சலும் சோனியும் சேர்ந்தன. உலகின் மூன்று பெரிய இசை நிறுவனங்களும் ஒரே வடிவத்தின் பின்னால் நின்றன. 2017 ஜனவரியில், லாஸ் வேகாஸ் நுகர்பொருள் கண்காட்சி நடந்த வாரத்தில், டைடல் தன் சந்தாதாரர்களுக்கு மாஸ்டர்ஸ் என்ற பெயரில் எம்.க்யூ.ஏ. பாட்டுகளைத் திறந்துவிட்டது.

டைடலைப் பற்றி ஒரு வரி. நார்வேயின் ஆஸ்பிரோ நிறுவனம் 2014-ல் தொடங்கிய சேவை அது. 2015-ல் ராப் பாடகர் ஜே-ஸீ அதை விலைக்கு வாங்கினார். சி.டி. தரத்தில் இசை தருவதற்காக மாதம் 19.99 டாலர் வாங்கியது. போட்டியாளர்கள் ஏறக்குறைய பாதி விலைக்கு எம்.பி.3 வகைத் தரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே டைடலில் அந்தச் சந்தா கட்டியவர்கள், நல்ல ஒலிக்காக இருமடங்கு காசு கொடுக்கத் துணிந்த ரசிகர்கள். அவர்களிடம்தான் இந்த வடிவம் வந்து சேர்ந்தது.

முதல் எதிர்ப்பு கருவி செய்பவர்களிடமிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் ஷிட் ஆடியோ 2016-லேயே, நாங்கள் எம்.க்யூ.ஏ.வை ஆதரிக்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. பதிவிலிருந்து கேட்பது வரை எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் உரிமத்துக்குக் கீழே கொண்டுவர நாங்கள் உதவ மாட்டோம் என்பது அவர்கள் நிலை. 2017-ல் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம், இந்த வடிவம் இசைக்கே கேடு என்று எழுதியது. லின் கருவியும் செய்தது, இசைத்தட்டும் வெளியிட்டது. இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள். பதிவு செய்கிறவர், கோப்பை உருவாக்குகிறவர், விற்கிறவர், ஸ்ட்ரீம் செய்கிறவர், கருவி தயாரிக்கிறவர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கட்டணம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து கடைசியில் கேட்பவர் தலையில்தான் விழும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ரசிகர்களின் குறைகள் இன்னும் நடைமுறை சார்ந்தவை. உரிமம் பெற்ற கருவி இல்லாதவருக்கு மடிப்பு விரியாது. விரியாத கோப்பில் கடைசி பிட்டுகளில் செருகிய சங்கேதம் வெறும் இரைச்சலாகவே இருக்கும். அதாவது புதிய டி.ஏ.சி. வாங்காதவர், அதே சந்தாவுக்கு, முன்பு கேட்டதைவிடக் குறைந்த தரத்தைக் கேட்க நேர்ந்தது. வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. செயலியில் ஒலியளவைக் கொஞ்சம் குறைத்தாலும், அறையின் எதிரொலியைச் சரிசெய்யும் மென்பொருள் வழியே அனுப்பினாலும், சங்கேதம் சிதைந்துவிடும், டி.ஏ.சி.யால் அதை அடையாளம் காண முடியாது. நல்ல ஒலிக்காக அறைத் திருத்தத்தை வைத்திருந்த ரசிகர்கள்தான் இதில் முதலில் அடிபட்டார்கள். 2018-ல் ரூன் மென்பொருள் இதற்கு ஒரு வழி கண்டது. அதுவும் உரிமம் வாங்கித்தான். முழுதும் விரித்த ஒலியை எண் வடிவில் வெளியே எடுக்க எந்தக் கருவிக்கும் அனுமதி இல்லை. கம்பி வழியே இன்னொரு கருவிக்கு அனுப்ப முடியாது, நகல் எடுத்து ஒப்பிட முடியாது.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது அந்தக் கடைசி விஷயம்தான். எம்.க்யூ.ஏ. கோப்பை உருவாக்கும் மென்பொருள் பொதுமக்களுக்குக் கிடைக்காது. ஒரு பாட்டைக் கொடுத்து, மாற்றி வாங்கி, முன்னையும் பின்னையும் ஒப்பிட்டுப் பார்க்க வெளியாள் யாருக்கும் வழி இல்லை. நம்புங்கள் என்பது மட்டும்தான் பதில். கருவியில் பச்சை விளக்கு எரிந்தால் எம்.க்யூ.ஏ.; நீல விளக்கு எரிந்தால் கலைஞரோ தயாரிப்பாளரோ ஸ்டுடியோவில் ஒப்புதல் கொடுத்தது என்று பொருள். நகைக்கடைக்காரரே பொன் உருக்கி, தானே உரசிப் பார்த்து, தானே ஹால்மார்க் முத்திரையும் குத்திக் கொடுத்தால் நாம் வாங்குவோமா? இங்கே சுமார் நான்கு ஆண்டுகள் வாங்கினார்கள்.

2018 மார்ச்சில் ஆர்க்கிமேகோ என்ற புனைபெயரில் ஒருவர் எம்.க்யூ.ஏ. பற்றிய சர்ச்சைகளையெல்லாம் தொகுத்து, அளவீடுகளோடு நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். எம்.க்யூ.ஏ. கோப்பையும் சாதாரண உயர்தரக் கோப்பையும், எது எது என்று சொல்லாமல் பலருக்குக் கேட்கக் கொடுத்து, கேட்டவர்களால் மொத்தத்தில் தெளிவாக வேறுபடுத்த முடியவில்லை என்று அதற்கு முன்பே காட்டியிருந்தவர் அவர். ஆதரவாளர்கள் அளவீடுகளுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, பெயர் மறைத்து எழுதுகிறாரே என்று கேட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டென்வர் நகரில் நடந்த ராக்கி மௌன்டன் ஆடியோ விழாவில், அந்தக் கட்டுரையைத் தன் இணையதளத்தில் வெளியிட்ட கிறிஸ் கொனாக்கர் இந்த வடிவத்தைப் பற்றி உரையாற்றினார். அரங்கில் இருந்த எம்.க்யூ.ஏ. தரப்பினர் திரும்பத் திரும்பக் குறுக்கிட்டார்கள். அதன் காணொளி வெளியே வந்தபோது, அதுவரை இந்தச் சண்டையைக் கவனிக்காதவர்களும் கவனிக்கத் தொடங்கினார்கள். சரியான பொருளை வைத்திருப்பவர் பேச்சாளரைப் பேசவிடாமல் செய்ய வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

திருப்பம் 2021 ஏப்ரலில் வந்தது. கோல்டன்சவுண்ட் என்ற பெயரில் காணொளி வெளியிடும் ஓர் ஆடியோ விமர்சகர் எளிய வழியொன்றைக் கண்டுபிடித்தார். எம்.க்யூ.ஏ. மென்பொருள் கிடைக்காது, ஆனால் இசையமைப்பாளர் யார் வேண்டுமானாலும் விநியோகஸ்தர் மூலம் டைடலில் பாட்டு வெளியிடலாம். அவர் பாட்டு வெளியிட்டார். இசைக்கு நடுவே பரிசோதனை ஒலிகளைச் சேர்த்திருந்தார்: வெள்ளிரைச்சல், சதுர அலை, ஒற்றைத் துடிப்பு. டைடல் அதை எம்.க்யூ.ஏ. ஆக்கி வெளியிட்டது. மூலம் அவர் கையில் இருந்தது. விளைவு டைடலில் இருந்தது. இப்போது ஒரு வெளியாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

இரண்டும் ஒன்றாக இல்லை. மூலத்தில் இல்லாத இரைச்சலும் திரிபும் எம்.க்யூ.ஏ. கோப்பில் இருந்தன. பரிசோதனை ஒலிகளில் மட்டுமில்லை, இசைப் பகுதியிலும் வேறுபாடு தெரிந்தது. அவர் கண்ட இன்னொன்று சாதாரணச் சந்தாதாரரை நேரடியாகத் தொடுவது. மாஸ்டர்ஸ் வேண்டாம், சி.டி. தரமே போதும் என்று ஹைஃபை நிலையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் பல பாட்டுகளில் போய்ச் சேர்ந்தது அதே எம்.க்யூ.ஏ. கோப்புதான், 16 பிட்டாக வெட்டி அனுப்பப்பட்டது. வேண்டாம் என்று சொல்லும் வசதிகூட இல்லாமல் போயிருந்தது. தன் முடிவுகளை அவர் எம்.க்யூ.ஏ. நிறுவனத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். விரைவிலேயே அவருடைய பாட்டுகள் டைடலிலிருந்து நீக்கப்பட்டன.

ஸ்டூவர்ட் பதில் எழுதினார். அந்த ஒலிகள் இசை இல்லை, இயற்கையான இசையில் அப்படிப்பட்ட உயர் அதிர்வெண் ஆற்றல் வராது, இசைக்கென்று வடிவமைத்த கருவியை அதற்குப் பொருந்தாத சமிக்ஞையால் சோதித்தது தவறு என்பது அவர் வாதம். அதில் பொறியியல் ரீதியாக ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் உண்மையான லாஸ்லெஸ் வடிவத்துக்கு இந்த விதிவிலக்கு தேவையே இல்லை. ஃப்ளாக்கில் வெள்ளிரைச்சலைப் போட்டால் வெள்ளிரைச்சலே திரும்ப வரும். கோப்பு பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். ஸ்டூவர்ட்டின் பழைய எம்.எல்.பி.யும் அப்படித்தான். இசை என்றால் எது என்று வடிவமே முடிவு செய்யத் தொடங்கினால், அது மூலத்தை அப்படியே தருகிறது என்று சொல்ல முடியாது.

அதே ஆண்டு நீல் யங் தன் பாட்டுகளை டைடலிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒலித்தரத்துக்காகப் போனோ என்ற தனி இசைக்கருவியையே கொண்டுவந்து, அதில் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். டைடல் மாஸ்டர் என்று தருவது தன்னுடைய மாஸ்டர் இல்லை, மாற்றப்பட்ட ஒன்று என்று அவர் எழுதினார். கலைஞரே ஒப்புதல் கொடுத்தது என்ற வாக்குறுதிக்கு ஒரு கலைஞரிடமிருந்து வந்த மறுப்பு இது. அளவீட்டு வரைபடங்கள் எட்டாத இடங்களுக்கெல்லாம் இந்தச் செய்தி எட்டியது.

சந்தையும் அதே நேரத்தில் திரும்பியது. 2021 மே 17 அன்று, ஒரே நாளில், ஆப்பிளும் அமேசானும் லாஸ்லெஸ் இசையைக் கூடுதல் கட்டணமில்லாமல் தருவதாக அறிவித்தன. ஆப்பிளின் ஏ.எல்.ஏ.சி. முதலில் அவர்களுடைய சொந்த வடிவமாக இருந்தாலும் 2011-லேயே திறந்த மூலமாக்கப்பட்டுவிட்டது. பிரான்ஸின் கோபஸ் சேவை ஃப்ளாக்கில் நின்றது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு மடிக்காமல், செருகாமல், விளக்கு எரியாமல் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஜாக் டோர்ஸியின் ஸ்கொயர் நிறுவனம் டைடலின் பெரும்பங்கை வாங்குவதாக அறிவித்திருந்தது. நவம்பரில் டைடல் தன் சந்தாவை இரண்டாகப் பிரித்தது: சி.டி. தரம் 9.99 டாலர், எம்.க்யூ.ஏ. வேண்டுமென்றால் 19.99. வேறு இடத்தில் சும்மா கிடைப்பதைவிடச் சந்தேகத்துக்குரிய ஒன்றுக்கு இருமடங்கு விலை. அது நெடுநாள் நிற்கவில்லை.

எம்.க்யூ.ஏ. நிறுவனம் ஆண்டுதோறும் நட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஏப்ரலில் பிரிட்டனில் அது திவால்நிலை நிர்வாகத்துக்குப் போனது. ஆகஸ்டில் டைடல் உயர்தர ஃப்ளாக் கோப்புகளைத் தரத் தொடங்கியது. செப்டம்பரில் கனடாவின் லென்புரூக் நிறுவனம், என்.ஏ.டி., ப்ளூசவுண்ட் கருவிகளைச் செய்பவர்கள், எம்.க்யூ.ஏ.வின் சொத்துகளை வாங்கியது. 2024 ஏப்ரலில் டைடல் எல்லாத் தரத்தையும் 10.99 டாலர் என்ற ஒரே சந்தாவுக்குள் கொண்டுவந்தது. ஜூலை 24 அன்று எம்.க்யூ.ஏ. பாட்டுகளை எடுத்துவிட்டு ஃப்ளாக் வைத்தது. உயர்தரப் பதிப்பு இல்லாத பாட்டுகளுக்கு 16 பிட் ஃப்ளாக். நீல விளக்குக்காகப் புதிய டி.ஏ.சி. வாங்கியவர்களின் கருவிகள் பழுதாகவில்லை, இன்றும் பாடுகின்றன; டைடலில் அந்த விளக்கு எரிய மட்டும் வழியில்லை. ஜப்பானில் யுனிவர்சல் 2018 முதல் எம்.க்யூ.ஏ.-சி.டி. என்று தட்டுகளாகவே விற்றது. அவற்றை வாங்கியவர்கள் கதை இன்னும் கடினம். சாதாரண சி.டி. இயந்திரத்தில் அவை பாடும், ஆனால் செருகிய சங்கேதம் கடைசி பிட்டுகளில் இரைச்சலாக என்றைக்கும் இருக்கும். பதிவுக்குள்ளேயே பதிந்துவிட்டதை வடிகட்டி எடுக்க வழி இல்லை.

இந்தச் சண்டையை, காதுக்குக் கேட்காத வேறுபாடுகளுக்காக ஆடியோ வெறியர்கள் போட்ட சண்டை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. வேறுபாடு பெரும்பாலோர் காதுக்குக் கேட்காது என்பது சரிதான். பெயர் சொல்லாமல் நடந்த சோதனையும் அதைத்தான் காட்டியது. ஆனால் வாடிக்கையாளர் கேட்டது அது இல்லை. நான் வாங்கும் பொருள் நீங்கள் சொல்லும் பொருள்தானா, அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு உரிமை உண்டா, நீங்கள் கடையை மூடினால் என் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். மூன்று கேள்விக்கும் எம்.க்யூ.ஏ.விடம் நேர்ப்பதில் இல்லை. மூன்று பெரிய இசை நிறுவனங்களும் முன்னணி இதழ்களும் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. சந்தா கட்டிய ரசிகர்களும், உரிமம் வாங்க மறுத்த சில சிறு நிறுவனங்களும்தான் கேட்டார்கள்.

ஃப்ளாக்கின் கதை இதற்கு நேரெதிர். ஜாஷ் கோல்சன் என்ற நிரலாளர் அதன் முதல் முழுப் பதிப்பை 2001 ஜூலையில் வெளியிட்டார். 2003 முதல் ஸைஃப் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. மூல நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம், சோதிக்கலாம், கருவியில் சேர்க்கலாம். உரிமக் கட்டணம் இல்லை. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு, 2024 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 9639 என்ற எண்ணில் அதை முறையான தரநிலையாக வெளியிட்டது.

டைடல் எம்.க்யூ.ஏ.வை நீக்கிய அதே நாளில் சோனியின் 360 ரியாலிட்டி ஆடியோவையும் நீக்கியது. டால்பி அட்மாஸை வைத்துக்கொண்டது. அட்மாஸும் உரிமம் கேட்கும் வடிவம்தான். அதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)